கற்றுக்குட்டி என்றொரு பெயர்

நெவில் சேம்பர்லேன் என்றதும் வரலாறு கற்கும் நம் மாணவரின் மனக்கண்முன் வந்து நிற்பவர், 1938ஆம் ஆண்டு மியூனிக் நகரிலிருந்து ஒரு தாளைக் கையிற் பிடித்தபடி விமானத்தினின்றும் இறங்கிய பிரித்தானியப் பிரதமரே. இக்கட்டுரை அவரைப் பற்றியதன்று. அதே ஆண்டில், அதே நாட்டில், அதே பெயரைத் தாங்கிய மற்றுமொருவர் வாழ்ந்துகொண்டிருந்தார். அவர் எண்பத்திரண்டு வயது நிரம்பிய, ஓய்வுபெற்ற படையதிகாரி. அவரும் அவ்வாண்டில் ஒரு தாளைக் கையிலெடுத்தார். உலக சமாதானத்துக்காக அன்று. தாம் பத்தொன்பது வயதிற் கண்டுபிடித்த ஒரு விளையாட்டுக்கு வேறெவரோ உரிமை கொண்டாடுவதை மறுப்பதற்காக. பிரதமரின் தாள் ஓராண்டுக்குள் பயனற்றுப் போயிற்று. முதியவரின் தாளோ இன்றளவும் சாட்சியாக நிற்கின்றது.

அவ்விளையாட்டு ஸ்னூக்கர். நம் பகுதி வாசகருக்கு அஃது ஓரளவு அயலானதே. கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று என்று நீளும் நம் கரையோர ஊர்களிலே கரம் பலகையைக் காணாத பிள்ளை இரான். ஆனால், பன்னிரண்டடி நீளமும் ஆறடி அகலமும் கொண்டு, கற்பலகை மீது பச்சைக் கம்பளி போர்த்திய அந்தப் பெருமேசையைக் கண்டவர் சிலரே. ஆயினும், ஈழநாட்டு முஸ்லிம் ஒருவர் உலக வீரரானது இம்மேசையிலேதான் என்பதையும், இருபத்தொரு வயதுக்குட்பட்டோரின் உலகப் பட்டியலில் நம் நாட்டு இளைஞர் ஒருவரின் பெயர் உண்டென்பதையும் நினைக்கும்போது, இவ்வாட்டத்தைத் தோற்றுவித்தவரின் வரலாற்றை அறிந்துகொள்வது வீணாகாது. அவ்வரலாற்றில் ஒரு பகுதி தமிழகத்து நீலமலையில் நிகழ்ந்தது என்பதும் நமக்கு நெருக்கந் தருவதாகும்.

நெவில் பிரான்சிஸ் பிட்ஸ்ஜெரல்ட் சேம்பர்லேன் 1856ஆம் ஆண்டு தை மாதம் 13ஆந் திகதி இங்கிலாந்திற் பிறந்தார். குடும்பம் முழுவதும் வாளேந்திய குடும்பம். தந்தையார் இந்தியப் படையில் அதிகாரி. தந்தையின் உடன்பிறந்தாரான சேர் நெவில் பவுல்ஸ் சேம்பர்லேன் இந்தியப் போர்கள் பலவற்றிற் காயம்பட்டுப் புகழ்பெற்றவர். 1876 முதல் 1881 வரை சென்னை இராணுவத்தின் பிரதம தளபதியாக இருந்தவர். ஆக, நெவில் சேம்பர்லேன்கள் மூவர். பிரதமர் ஒருவர், தளபதி ஒருவர், நம் கதாநாயகர் ஒருவர். நூல்நிலையங்களிலே இம்மூவரையும் ஒருவரோடொருவர் குழப்பிக்கொண்ட மாணவரைக் குறைசொல்வதற்கில்லை.

புகழ்பெற்ற பெரியதந்தையின் பெயரையே சூடிக்கொண்ட பிள்ளைக்கு வாழ்வின் வழி முன்னரே வகுக்கப்பட்டிருந்தது. 1873இல், பதினேழாம் வயதில், டெவன்ஷயர்க் காலாட்படையிற் சேர்ந்தார். படை இந்தியாவுக்கு அனுப்பப்பட்டது. 1875ஆம் ஆண்டு மாரிக்காலத்தில் அது மத்திய இந்தியாவிலுள்ள ஜபல்பூரில் முகாமிட்டிருந்தது.

மத்திய இந்தியாவின் பருவமழை நம் கரையோரத்து வடகீழ்ப் பருவமழை போன்றதே. தொடங்கினால் விடாது. வேட்டையில்லை, குதிரைப்பந்தாட்டமில்லை, அணிவகுப்புமில்லை. இளம் அதிகாரிகள் பிற்பகல் முழுவதும் உணவு மண்டபத்துப் பில்லியட்ஸ் மேசையைச் சுற்றியே பொழுதைக் கழித்தனர். பில்லியட்ஸ் ஆட்டம் மூன்று பந்துகளைக் கொண்டது. இருவர் ஆட ஏனையோர் பார்த்திருக்கவேண்டியது. பொறுமையும் நுட்பமும் வேண்டிய அந்த ஆட்டத்தில், பந்தயங் கட்டிப் பரபரப்புத் தேடும் இளைஞருக்கு நாட்டம் குறைவு. ஆகவே பலர் சேர்ந்து ஆடத்தக்க வேறு ஆட்டங்கள் அம்மேசையிலே வழக்கிலிருந்தன. பதினைந்து சிவப்புப் பந்துகளை முக்கோணமாக அடுக்கி, அவற்றைப் பைகளில் வீழ்த்துவது ஒன்று. அதனைப் பிரமிட் என்பர். ஆளுக்கொரு நிறப்பந்தும் மூன்று உயிரும் வைத்துக்கொண்டு, பிறன் பந்தைப் பையில் வீழ்த்தி அவன் உயிரைக் கவர்வது மற்றொன்று. அதனோடு கறுப்புப் பந்தொன்றையும் கூட்டி, வீழ்த்துபவர் மேலதிகப் பணம் பெறும் வகையில் ஆடியதைக் கறுப்பு ஆட்டம் என்றழைத்தனர்.

இவற்றையெல்லாம் ஒன்றாக்கினால் என்ன என்ற எண்ணம் அந்தப் பத்தொன்பது வயதுச் சேம்பர்லேனுக்கு எழுந்தது. பிரமிட்டின் பதினைந்து சிவப்புப் பந்துகளை அவ்வாறே வைத்தார். கறுப்பை வைத்தார். மஞ்சள், பச்சை, இளஞ்சிவப்பு ஆகிய நிறப்பந்துகளையுஞ் சேர்த்தார். நீலமும் மண்ணிறமும் சில ஆண்டுகள் சென்ற பின்னரே வந்து சேர்ந்தன. புதிதாக எதையும் அவர் படைக்கவில்லை என்று வாதிடுபவர் உண்டு. மேசை பழையது, பந்துகள் பழையவை, கோலும் பழையது. மெய்தான். ஆனால், அரிசியும் பருப்பும் தேங்காயும் எல்லார் வீட்டிலும் இருந்தும், முதன்முதலில் அவற்றை ஒரு பானையிற் சேர்த்தவர் ஒருவர் இருந்திருக்கத்தானே வேண்டும்.

ஆட்டத்தின் அமைப்பைக் கரம் விளையாட்டைக்கொண்டு விளக்கிவிடலாம். கரத்திலே சிவப்புக் காயை வீழ்த்தியவர் அடுத்து வேறொரு காயையும் வீழ்த்தினாலன்றி அச்சிவப்பு அவருக்குச் சொந்தமாகாது. ஸ்னூக்கரிலும் அத்தகைய ஒரு கட்டு உண்டு. முதலில் ஒரு சிவப்பை வீழ்த்தவேண்டும். அதற்கு ஒரு புள்ளி. பின்னரே ஒரு நிறப்பந்தைத் தொடும் உரிமை கிடைக்கும். மஞ்சளுக்கு 2, பச்சைக்கு 3, மண்ணிறத்துக்கு 4, நீலத்துக்கு 5, இளஞ்சிவப்புக்கு 6, கறுப்புக்கு 7 புள்ளிகள். வீழ்ந்த நிறப்பந்து தன் இடத்துக்கு மீளும், சிவப்பு மீளாது. சிவப்பெல்லாம் தீர்ந்தபின் நிறங்களை வரிசைப்படி வீழ்த்தி முடிக்கவேண்டும். பதினைந்து சிவப்புக்கும் பதினைந்து முறை கறுப்பையே வீழ்த்தி, இறுதியில் ஆறு நிறங்களையும் வீழ்த்தினால் 147 வரும். பிழை எதுவும் நேராத ஆட்டத்தில் ஒரே மூச்சில் எட்டக்கூடிய உச்சம் அதுவே.

இவ்வளவில் நின்றிருந்தால் அது கணக்கு விளையாட்டாக முடிந்திருக்கும். அதன் உயிர் வேறோரிடத்தில் உள்ளது. தாம் வீழ்த்த முடியாதபோது, வெள்ளைப் பந்தை வேறொரு பந்தின் பின்னே மறைத்துவைத்து, எதிராளி தான் அடிக்கவேண்டிய பந்தை நேரே பார்க்கமுடியாதபடி செய்துவிடலாம். அவர் மேசையின் விளிம்பிலே மோதவிட்டு வளைத்து அடிக்கவேண்டும். தவறினால் புள்ளி எதிராளிக்குப் போகும். தாக்குவதைப்போலவே மறைப்பதும் ஒரு கலையாயிற்று. ஆட்டத்தின் பெயரே இவ்வாறு மறைத்தலுக்கும் வழங்கலாயிற்று.

அப்பெயர் வந்த வரலாறு சுவையானது. ஒரு நாள் ஜபல்பூர் மண்டபத்துக்கு விருந்தினராக வந்த இளம் அதிகாரி ஒருவர், தாம் பயின்ற வூல்விச் இராணுவக் கல்லூரியிலே முதலாண்டு மாணவரை ஸ்னூக்கர் என்று கேலியாக அழைப்பது வழக்கம் எனக் கூறினார். படிநிலையிற் கடைசிப் படியில் நிற்பவன், எதுவுந் தெரியாதவன், நம் வழக்கிற் சொன்னால் கற்றுக்குட்டி. சேம்பர்லேனுக்கு அச்சொல் புதியது. சற்றுநேரத்தில் ஆடிக்கொண்டிருந்த ஒருவர் பையின் வாயிலிலே நின்ற நிறப்பந்தை வீழ்த்தத் தவறினார். உடனே சேம்பர்லேன் அந்தப் புதுச்சொல்லை அவர்மீது வீசினார். சொல்லின் பொருளை அறியாதோருக்கு விளக்கவேண்டியதாயிற்று. தவறியவரின் முகம் சிறுத்துவிடாதிருக்கும்பொருட்டு, இந்த ஆட்டத்தைப் பொறுத்தவரை நாமெல்லோருமே கற்றுக்குட்டிகள்தாம் என்று கூறி, ஆட்டத்துக்கே அப்பெயரை இட்டுவிடலாமென்றும் சொன்னார். பெயர் ஒட்டிக்கொண்டது.

நம் ஊர்களிலும் ஒருவருக்குப் பட்டப்பெயர் விழுந்துவிட்டால் அது பேரப்பிள்ளைகள் காலம்வரை நிற்கும். வைத்தவரை எவரும் நினைவிற்கொள்வதில்லை. சேம்பர்லேனுக்கும் ஏறக்குறைய இதுவே நேர்ந்தது. தோழனின் மனம் நோகாதிருக்கத் தன்னையும் அவனோடு கற்றுக்குட்டியாகச் சேர்த்துக்கொண்ட அந்தச் சிறு பண்பைத்தான் அவர் வரலாற்றில் நாம் முதலாவதாகக் குறித்துக்கொள்ள விரும்புகிறோம். அவருடைய பிற்கால விருதுகள் எல்லாம் அதற்குப் பின்னரே.

1876இல் அவர் காலாட்படையை விட்டு மத்திய இந்தியக் குதிரைப்படைக்கு மாறினார். ஆட்டமும் அவரோடு சென்றது. இரண்டாண்டுகளில் ஆப்கான் யுத்தம் மூண்டது. அதிலே ஒரு வியப்பு உண்டு. 1878இல் காபூலுக்கு அனுப்பப்பட்ட பிரித்தானியத் தூதுக்குழுவின் தலைவர் வேறெவருமல்லர், நம்மவரின் பெரியதந்தையாரே. அத்தூதுக்குழுவைக் கைபர் கணவாயிலுள்ள அலி மஸ்ஜித் கோட்டையருகே ஆப்கானியர் தடுத்துத் திருப்பிவிட்டனர். அதையே காரணங்காட்டி ஆங்கிலேயர் போர் தொடுத்தனர். பெரியதந்தை திருப்பப்பட்ட நாட்டினுள் மகன் வாளோடு நுழைந்தார். 1880ஆம் ஆண்டு ஆடி மாத இறுதியில் மைவந்த் என்னுமிடத்திலே ஐயூப்கானின் படைகள் பிரித்தானியப் படையொன்றை முறியடித்துக் கந்தகாரை முற்றுகையிட்டன. முற்றுகையை நீக்க ஜெனரல் றொபேட்ஸ் காபூலிலிருந்து பதினாயிரம் வீரரோடு மூன்று வாரங்களில் முந்நூறு மைல் கடந்து வந்தார். அவரது பரிவாரத்தில் இளம் சேம்பர்லேனும் இருந்தார். கந்தகார்ப் போரில் இலேசாகக் காயமுற்றார். தம் மண்ணைக் காத்து நின்ற ஆப்கானியரின் பக்கத்திலிருந்து நோக்கினால் இவ்வரலாறு வேறு விதமாக எழுதப்படும் என்பதை வாசகர் அறிவர்.

போர் முடிந்தபின் றொபேட்ஸ் சென்னை இராணுவத்தின் பிரதம தளபதியானார். முன்னர் பெரியதந்தை வகித்த அதே பதவி. சேம்பர்லேனும் அவருடைய பணியாளராக 1881இல் தெற்கே வந்தார். சென்னை அரசாங்கம் கோடையிற் குடியிருந்தது உதகமண்டலத்தில்.

கடல்மட்டத்துக்கு ஏழாயிரம் அடிக்கு மேலுள்ள அந்த மலையூரை ஆங்கிலேயர் தமக்கு ஒரு சிறு இங்கிலாந்தாக்கி வைத்திருந்தனர். தோடரும் படகரும் வாழ்ந்த மேட்டுநிலங்களிலே ஆங்கில மலர்களும் தேவாலயங்களும் வேட்டைநாய்க் கூட்டங்களும் தோன்றின. வில்லியம் றம்போல்ட் என்பவர் கட்டிய வெண்தூண் மாளிகை 1841 முதல் ஊட்டிக் கழகமாக விளங்கியது. அதன் பில்லியட்ஸ் அறையே நம் ஆட்டத்தின் இரண்டாம் பிறப்பிடம். ஜபல்பூரில் அஃது ஒரு மழைக்கால வேடிக்கையாகத்தான் இருந்தது. ஊருக்கு ஊர், முகாமுக்கு முகாம், ஆடுவோர் தத்தம் விருப்பப்படி மாற்றி ஆடினர். உதகையிலே கூடிய அதிகாரிகள் இந்தியாவின் பல திக்கிலிருந்தும் வந்தவர்கள். ஆளுக்கொரு விதி சொன்னால் பூசல்தான் மிஞ்சும். ஆகவே சேம்பர்லேன் விதிகளை வரைந்தார். 1882இல் அவை அவ்வறையின் சுவரிலே ஒட்டப்பட்டன. சுவரிலே ஒட்டிய அந்நாள்தான் வேடிக்கை விளையாட்டாக மாறிய நாள் என்பது எமது கருத்து. எழுதாச் சொல் ஊர்தோறும் மாறும். எழுதிய விதிக்கு உலகம் முழுவதும் ஒரே பொருள்.

அவ்வறையிலே மற்றுமொருவர் இருந்திருப்பார். அவர் பெயர் எந்த வரலாற்றிலும் இல்லை. மார்க்கர் என்று அழைக்கப்பட்ட பணியாளரைக் குறிப்பிடுகிறோம். கோலுக்குச் சுண்ணம் எடுத்துக்கொடுப்பதும், வீழ்ந்த பந்தை எடுத்து வைப்பதும், புள்ளியைக் குறிப்பதும் அவருடைய தொழில். அக்காலக் கழகங்கள் பெரும்பாலும் இந்நாட்டவரை உறுப்பினராகச் சேர்த்துக்கொள்ளாதவை. ஆனாலும் மேசையருகே நாள் முழுவதும் நின்றவர் இந்நாட்டவரே. துரைமார் அடிக்கும் பிழைகளையெல்லாம் சுவரோரமாக நின்று கண்ணாற் கற்றவர் அவர். துரைமார் உறங்கியபின் வெற்று மேசையில் எத்தனை மார்க்கர்கள் கோலைக் கையிலெடுத்தார்களென்பதை யார் எழுதிவைத்தார்?

ஆட்டம் இங்கிலாந்துக்குச் சென்றது 1885இல். அக்காலத்துப் பில்லியட்ஸ் உலகின் முடிசூடா மன்னரான ஜோன் றொபேட்ஸ் இந்தியாவுக்கு வந்திருந்தார். தளபதி றொபேட்ஸ் வேறு, ஆட்டக்காரர் றொபேட்ஸ் வேறு. கல்கத்தாவில் கூச்பிகார் மகாராஜாவோடு விருந்துண்டுகொண்டிருந்த சேம்பர்லேனை அவர் தேடிவந்து, இந்தப் புதிய ஆட்டத்தின் விதிகளைக் கேட்டறிந்தார். தாயகம் மீண்டபோது அதனையுந் தம்மோடு கொண்டுசென்றார். மகாராஜாவின் மேசையருகே நிகழ்ந்த அந்த உரையாடல் எத்தனை நிமிடம் நீடித்ததோ, அதுவே பின்னர் பல்லாயிரம் பேருக்குத் தொழிலாயிற்று.

அதன்பின் நீண்டகாலம் சேம்பர்லேனின் வாழ்விலே பந்துக்கும் கோலுக்கும் இடமிருந்ததாகத் தெரியவில்லை. பர்மியப் போர், காஷ்மீர் அரசின் இராணுவச் செயலாளர் பதவி, கைபர்க் காவற்படைத் தலைமை, தென்னாபிரிக்காவிலே போயர் யுத்தத்தின்போது றொபேட்ஸ் பிரபுவின் அந்தரங்கச் செயலாளர் பதவி என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அந்தப் போயர் யுத்தத்திற் சிறைப்பட்டோரில் ஆயிரக்கணக்கானோர் நம் தியத்தலாவைக்குக் கொண்டுவரப்பட்டு அடைக்கப்பட்டனர் என்பதை மலைநாட்டுக்குச் செல்வோர் இன்றும் நினைவுகூர்வர்.

1900இல் அயர்லாந்துக் காவற்படையின் தலைமை அதிகாரியாக அவர் நியமிக்கப்பட்டார். 1903இல் சேர் பட்டம் கிடைத்தது. பதினாறு ஆண்டுகள் அப்பதவியிலிருந்தார். அந்நாடு விடுதலை வேட்கையாற் கொதித்துக்கொண்டிருந்த காலம் அது. ஆயுதக் குழுக்கள் பகிரங்கமாக அணிவகுத்தன. கிளர்ச்சி வரக்கூடுமென்று சேம்பர்லேன் தம் மேலிடத்துக்கு அறிக்கைமேல் அறிக்கையாக எழுதி எச்சரித்துவந்தார். மேலிடம் அசையவில்லை. 1916ஆம் ஆண்டு ஈஸ்டர்த் திங்களன்று டப்ளினிலே எழுச்சி வெடித்தது. ஒரு வாரத்தில் அது நசுக்கப்பட்டது, தலைவர்கள் சுட்டுக்கொல்லப்பட்டனர், அம்மரணங்களே அயர்லாந்து மக்களை முழுதாக விடுதலையின் பக்கம் திருப்பின. முன்னர் இந்தியாவின் இராஜப் பிரதிநிதியாயிருந்த ஹார்டிங் பிரபுவின் தலைமையில் அமைந்த விசாரணைக்குழு, பழி காவற்படையைச் சாராது என்று தீர்த்தது. அமைச்சரும் துணைச் செயலாளரும் பதவி துறந்தனர். குற்றமற்றவரெனத் தீர்க்கப்பட்ட சேம்பர்லேனும் அதே ஆண்டில் ஓய்வு பெற்றார்.

நாற்பத்துமூன்று ஆண்டுச் சேவை இவ்வாறு முடிந்தது. ஆப்கானிஸ்தானில் அவர் போரிட்டுக் காத்த செல்வாக்கு 1919இல் நீங்கியது. அயர்லாந்தில் அவர் தலைமை தாங்கிய காவற்படை 1922இற் கலைக்கப்பட்டது. எஞ்சிய காலத்தை இங்கிலாந்திலே அஸ்கொட் என்னும் ஊரில் அமைதியாகக் கழித்தார்.

இதற்கிடையே ஆட்டம் வளர்ந்திருந்தது. 1900இல் பில்லியட்ஸ் சங்கம் அதற்கு முறையான விதிகளை வகுத்தது. 1916இல், சேம்பர்லேன் பதவி துறந்த அதே ஆண்டில், இங்கிலாந்தின் தொழில்சாரா ஆட்டக்காரருக்கான போட்டி தொடங்கிற்று. 1927இல் ஜோ டேவிஸ் என்பவரின் முயற்சியால் தொழில்முறை உலகப்போட்டி நடந்தது. அவரே அதனை வென்றார். 1946வரை தோல்வியறியாது பதினைந்து முறை வென்றார். முதல் வெற்றிக்கு அவர் பெற்ற பரிசு ஆறு பவுண் பத்துச் சிலிங். முப்பதுகளின் இறுதியில் ஸ்னூக்கர் பழைய பில்லியட்ஸை ஓரங்கட்டிவிட்டது. அப்போதுதான் யார் இதன் தந்தை என்ற கேள்வி எழுந்தது. பணமும் புகழும் இல்லாத பிள்ளைக்குத் தகப்பன் தேட எவரும் மினக்கெடுவதில்லை.

வூல்விச் இராணுவக் கல்லூரியிலேதான் அது பிறந்ததென்று ஒரு கூற்றுப் பத்திரிகையில் வந்தது. கிச்சனர் பிரபுவின் பெயரும் அதில் அடிபட்டது. பெயர் அக்கல்லூரிச் சொல்லாதலால் இக்கூற்றுக்கு ஓர் ஒப்பனையும் இருந்தது. தோழனின் மனம் நோகாதிருக்கச் சூட்டிய பெயரே சூட்டியவருக்கு எதிர்ச்சாட்சியாக வந்து நின்ற விந்தையை என்னென்பது! சேம்பர்லேனின் கையில் ஆவணமென்று எதுவும் இல்லை. 1875இல் மழையில் ஆடிய இளைஞர் யார் குறிப்பெழுதி வைப்பார்? பலர் போர்க்களங்களில் மடிந்தனர். பலர் முதுமையில் மறைந்தனர். அறுபத்துமூன்று ஆண்டுகள் சென்றுவிட்டன. இருந்தது ஒரு முதியவரின் நினைவு மாத்திரமே.

1938ஆம் ஆண்டு பங்குனி 19ஆந் திகதி வெளியான பீல்ட் என்ற இதழில் அவருடைய கடிதம் வந்தது. ஜபல்பூர் மண்டபத்தையும், பந்துகளின் நிறங்களையும், வூல்விச்சிலிருந்து வந்த விருந்தினரையும், பெயர் விழுந்த கணத்தையும் அதில் அவர் விவரித்தார். இந்தியாவிற் பணியாற்றிய முதிய அதிகாரிகள் சிலர் ஆதரவாக எழுதினர். அவரிடமிருந்தே அவ்வாட்டத்தைக் கற்றோம் என்றனர். மறு ஆண்டு கொம்ப்டன் மக்கென்சி என்னும் நாவலாசிரியர் இவ்வரலாற்றை முழுமையாக எழுதி வெளியிட்டார். ஐயம் தீர்ந்தது. முதியவரின் கூற்றை உலகம் ஏற்றுக்கொண்டது.

இக்கடிதத்தைச் சிறுபிள்ளைத்தனம் என்று கருதுவோர் இருக்கலாம். பெரும் பதவிகள் வகித்து, அரசரின் கையால் விருதுகள் பெற்ற ஒருவர், பந்துருட்டும் ஓர் ஆட்டத்துக்காக எண்பத்திரண்டாம் வயதிலே பத்திரிகைக்கு எழுதவேண்டுமா? நாம் அவ்வாறு கருதவில்லை. அயர்லாந்தில் நிகழ்ந்தவற்றைப் பற்றித் தம் பெயரை நிலைநாட்ட அவர் இத்துணை முனைந்ததில்லை. ஏனைய பதவிகள் எல்லாம் அவருக்குப் பிறர் கொடுத்தவை. வேறொருவர் வந்து அமர்ந்துகொள்ளக்கூடியவை. இந்த ஒன்றுதான் அவராகவே செய்தது. அதனையும் பிறர் எடுத்துச்செல்ல வாளாவிருக்க எந்த முதியவராலும் இயலாது.

1944ஆம் ஆண்டு வைகாசி மாதம் 28ஆந் திகதி, எண்பத்தெட்டாம் வயதில், சேர் நெவில் சேம்பர்லேன் காலமானார். உலகப்போர் உச்சத்தில் இருந்த வேளை. நோர்மண்டிக் கரையிலே படைகள் இறங்குவதற்கு ஒன்பதே நாள் இருந்தது. அவருடைய மறைவு பெரிதாகப் பேசப்படவில்லை.

அவர் மறைந்தபின் நேர்ந்தவற்றை ஓரளவேனும் சொல்லாவிடில் இவ்வரலாறு அரைகுறையாகும். சுவரோரம் நின்றோரின் நாடுகள் மேசையருகே வந்தன. 1958இல் கல்கத்தாவில் நடந்த உலகத் தொழில்சாராப் பில்லியட்ஸ் போட்டியில் இந்தியரான வில்சன் ஜோன்ஸ் வென்றார். ஸ்னூக்கரில் தொழில்சாராதோருக்கான முதல் உலகப்போட்டி 1963இல் அதே கல்கத்தாவிலேயே நடைபெற்றது. சேம்பர்லேன் ஜோன் றொபேட்ஸுக்கு விதிகளைச் சொன்ன நகரம் அது. 1967இல் உலகப் பில்லியட்ஸ் போட்டி கொழும்புக்கு வந்தது. 1973இல் பம்பாயில் நம் கொழும்பு வீரர் எம். ஜே. எம். லாபிர் அப்பட்டத்தை வென்றார். எந்த விளையாட்டிலேனும் உலகப் பட்டம் வென்ற முதல் இலங்கையர் அவரே. ஸ்னூக்கரிலும் அவர் ஆண்டுக்கணக்காகத் தேசிய வீரராக விளங்கியவர். 1981இல் மறைந்தார். அவருடைய வாழ்க்கையைத் தமிழில் விரிவாக எழுத வல்லார் எவரேனும் முன்வருவது நலம்.

இருபத்தொரு வயதுக்குட்பட்ட தொழில்சாரா வீரருக்கான உலகப்போட்டி 1987இல் தொடங்கிற்று. அது முதன்முதலாக நடந்த இடம் பெங்களூர். உதகமண்டலத்திலிருந்து மைசூர் வழியாக ஒரு பகற்பொழுதிற் சென்றடையக்கூடிய ஊர். ஆட்டத்தைக் கண்டுபிடித்தபோது சேம்பர்லேனுக்கு இருந்த வயதும், ஆட்டத்தின் பெயருக்குள்ள பொருளும் இப்போட்டிக்கே பொருந்துவன. கற்றுக்குட்டிகளின் போட்டி என்று அதனை அழைத்தால் எவரும் குறைபடமாட்டார். ஆனால், அதன் வெற்றியாளர் பட்டியலைப் பார்ப்பவர் அச்சொல்லைச் சற்றுத் தயங்கியே உச்சரிப்பர். 1990இல் பீட்டர் எப்டன், 1991இல் மீண்டும் பெங்களூரில் றொனி ஓசலிவன், 2002இல் சீனத்து டிங் ஜுன்ஹுய், 2003இல் அவுஸ்திரேலியரான நீல் றொபேட்சன். எப்டனும் ஓசலிவனும் றொபேட்சனும் பின்னர் தொழில்முறையில் உலக வீரராயினர். ஓசலிவன் ஏழு முறை.

1989இல் இப்பட்டத்தை வென்றவர் கென் டோகேர்ட்டி. அவர் டப்ளின் நகரத்தவர். சேம்பர்லேன் பதினாறு ஆண்டுகள் காவல் செய்ய முயன்ற அயர்லாந்து, விடுதலை பெற்றபின் ஈன்ற பிள்ளை. 1997இல் தொழில்முறை உலகப்பட்டத்தையும் அவர் தம் நாட்டுக்குக் கொண்டுசென்றார்.

பட்டியலில் 1993ஆம் ஆண்டுக்கு நேரே உள்ள பெயர் இந்திக்க தொடங்கொட. நாடு இலங்கை. போட்டி நடந்த இடம் ஐஸ்லாந்தின் தலைநகரான ரெய்க்யவிக். அட்சரேகை 64 பாகைக்கு அப்பால், பனிக்கடலோரத்து நகரம் அது. அங்கே பச்சைக் கம்பளி போர்த்திய மேசையிலே, உதகையின் சுவரில் 1882இல் ஒட்டப்பட்ட விதிகளின் வழிவந்த விதிகளின்படி, நம் நாட்டு இளைஞர் ஒருவர் இறுதிக் கறுப்பு வரை ஆடிப் பட்டத்தைப் பெற்றுத் திரும்பினார்.